‘ஆசைக்குச் செய்வதுதானே!’

உபதேசம் செய்வது எளிது. அதிலும், பிறர் வீட்டு அடுப்பங்கரையை நோக்கிச் செய்யும் உபதேசம் மிகமிக எளிது. “பொழுதுபோக்கைப் பொருளாக்குங்கள், கைத்திறனைக் காசாக்குங்கள்” என்பது இன்றைய உபதேசம். மகளிர் கல்லூரி ஆண்டு விழாவாயினும் சரி, மஹல்லாவில் நடைபெறும் பரிசளிப்புக் கூட்டமாயினும் சரி, கைபேசித் திரையில் ஓடி மறையும் இரண்டு நிமிடப் படமாயினும் சரி, இந்த ஒன்றைச் சொல்லாமல் எவரும் முடிப்பதில்லை. உங்களுக்குப் பூத்தையல் வருமா? விற்கலாமே! மருதாணி இடத் தெரியுமா? மணப்பெண்களுக்கு இடலாமே! கேக் சுடுவீர்களா? பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுப்பானேன், விலைக்குக் கொடுக்கலாமே! பேசியவர் கைதட்டலை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுகிறார். கேட்டவர் வீட்டுக்குப் போய் மைதாவைச் சலிக்கத் தொடங்குகிறார்.

பெண்கள் பொருளீட்டலாகாது என்று வாதிட வந்தவன் அல்லன் நான். அப்படி வாதிடுவோர்க்கு விடையளிக்கும் வேலையை வேறு பலர் செய்துகொண்டிருக்கிறார்கள். திறமை உள்ளவர் அதை விற்றுப் பிழைக்கட்டும், தாராளமாகச் செய்யட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: இந்த உபதேசத்தைக் கேட்டு விற்பனையில் இறங்கிய நம் சகோதரிகள் உண்மையில் ஈட்டுகிறார்களா? கையில் காசு புரள்கிறது, அதை மறுப்பதற்கில்லை. காசு புரள்வது வேறு, வருமானம் வருவது வேறு. இந்த வேற்றுமையை மேடையில் நின்று பேசுவோர் எடுத்துரைப்பதில்லை. உரைத்தால் கைதட்டல் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இக்கட்டுரையின் உயிரே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு கிலோ எடையுள்ள கேக் ஒன்றை வீட்டில் செய்து 800 ரூபாய்க்கு ஒரு பெண்மணி விற்பதாக வைத்துக்கொள்வோம். மைதா, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, கிரீம், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து 450 ரூபாய். மின்சாரத்துக்கு 50. மீதி 300. “ஒரு கேக்கில் முந்நூறு ரூபாய் இலாபம்!” என்று நம் உபதேசியார் உடனே முழங்குவார். சற்றுப் பொறுக்க வேண்டும். கடைக்குப் போய்ப் பொருள் வாங்க ஒரு மணி நேரம். மாவு கலந்து சுட்டெடுக்க இரண்டு மணி. ஆறவைத்துக் கிரீம் பூசிப் பூ வைத்துப் பெயர் எழுத இரண்டு மணி. என்ன நிறம், எந்தப் பெயர், எத்தனை மணிக்கு வேண்டும் என்று தொலைபேசியில் பேசவும், பாத்திரம் கழுவவும், பெட்டியில் இட்டு ஒப்படைக்கவும் ஒரு மணி. ஆக ஆறு மணி நேரம். முந்நூறை ஆறால் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய். ஓவனின் தேய்மானமும், மின்சாரம் நின்றுபோய்க் கேக் அமுங்கிவிட்ட ஒரு நாளின் நட்டமும் இதில் இன்னும் சேரவில்லை.

இப்பொழுது வாங்க வருகிறார் ஓர் உறவுக்காரர். பெட்டியைத் திறந்து பார்க்கிறார். மாஷா அல்லாஹ் என்று வாயார வாழ்த்துகிறார். பிறகு சொல்கிறார்: “நீ ஆசைக்குச் செய்யிறதுதானே தங்கச்சி! நமக்குள்ளே என்ன, எழுநூறு வாங்கிக்க.” நூறு ரூபாய்தானே என்று அவளும் விட்டுக்கொடுக்கிறாள். 300 இப்போது 200 ஆகிவிட்டது. மணிக்கு 33 ரூபாய். ஊரக வேலைத் திட்டத்தை நாம் நூறு நாள் வேலை என்று வழங்குகிறோம் அல்லவா, அதற்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்குக் குறிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். அதாவது, பேரம் பேசப்படுமுன் அப்பெண்மணி வாய்க்கால் வெட்டுபவருக்குச் சற்று மேலே இருந்தாள். பேரம் முடிந்ததும் கீழே போய்விட்டாள். மண்வெட்டி பிடிப்பவரிடம் சென்று, “நீ ஆசைக்கு வெட்டுவதுதானே” என்று சொல்ல எவரும் துணிவதில்லை.

ஆசைக்குச் செய்வதுதானே! இந்த ஒரு சொற்றொடரின்மீதுதான் எனக்குக் கோபம். பாராட்டைப்போல வருகிறது, கூலியைக் குறைத்துவிட்டுப் போகிறது. ஒருவர் தம் வேலையை விரும்பிச் செய்தால், அந்த விருப்பமே அவருடைய கூலியில் ஒரு பகுதி என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. மருத்துவர் தம் தொழிலை நேசிப்பவர் என்பதற்காக அவரிடம் கட்டணத்தைக் குறைத்துக் கேட்டோர் உண்டா? வாதாடுவதில் இன்பங் காணும் வழக்கறிஞர் என்று தெரிந்தால், அவருக்குக் கூடுதலாகவே கொடுக்கிறோம். வீட்டுக்குள் அமர்ந்து ஊசியாலும் கரண்டியாலும் வேலை செய்பவரிடம் மட்டும் அந்த விருப்பத்தைத் தள்ளுபடியாகக் கேட்கிறோம்.

பொழுதுபோக்கு என்றால் என்ன? வேண்டும்போது எடுக்கவும் வேண்டாதபோது வைக்கவும் உரிமை உள்ள வேலை. தலையணை உறையில் பாதிப் பூவைப் போட்டுவிட்டு, மறுபாதியை அடுத்த மாதம் போடலாம். போடாமலே விட்டாலும் கேட்பாரில்லை. பிறருடைய பணம் முன்பணமாகக் கைக்கு வந்த கணத்தில் அவ்வுரிமை போய்விடுகிறது. நாளை நிக்காஹ் என்றால் இன்றிரவு மருதாணி இட்டே ஆகவேண்டும்; தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் சொல்ல முடியாது. தவணை வந்துவிட்டது, பிறர் விருப்பம் வந்துவிட்டது, பழுதானால் பதில் சொல்லும் பொறுப்பு வந்துவிட்டது. தொழிலின் சுமைகள் அத்தனையும் வந்து சேர்ந்த பிறகும் பெயர் மட்டும் பொழுதுபோக்கு என்றே நிற்கிறது. பெயர் மாறாமல் நிற்பதால் யாருக்கு நன்மை என்று பாருங்கள். வாங்குகிறவருக்கு நன்மை. தரகருக்கு நன்மை. வீட்டிலுள்ள ஆடவருக்கும் ஒரு நன்மை உண்டு: மனைவி தொழில் செய்கிறாள் என்று ஒப்புக்கொள்ளாமலே அவள் காசில் மின்கட்டணத்தைக் கட்டிவிடலாம். ஒப்புக்கொண்டாலோ, அவள் வேலையில் இருக்கும் நேரத்தில் சோறு வடிக்க வேண்டியவர் யார் என்னும் சங்கடமான கேள்வி எழும்.

இது நம் தெருவோடு நின்றுவிடும் சங்கதி அன்று. ஆந்திர மாநிலத்தில், கோதாவரி கடலைச் சேரும் பகுதியில், நரசாப்பூர் என்றோர் ஊர். அந்த வட்டாரத்து ஏழைப் பெண்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிமார் கொக்கி ஊசியால் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தனர். பின்னர் அது வணிகர் கைக்கு மாறி, கடல் கடந்து ஏற்றுமதியாகும் சரக்காயிற்று. மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலாளர் அப்பெண்களிடையே ஆய்வு செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கும் மேலாக நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம்வரை அவர்கள் லேஸ் பின்னினர் என்பதை அந்நூல் காட்டுகிறது. ஆயினும், வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்பதே அதற்கு வழங்கிய பெயர். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஓய்வு! எந்த நவாபுக்கு நாள்தோறும் இத்தனை ஓய்வு வாய்த்தது? அப்பெயரின் விளைவு வெறும் பெயரோடு நிற்கவில்லை. ஓய்வில் செய்வது என்பதால் கூலி மிகக் குறைவாகவே இருக்கலாம் என்றாயிற்று. இல்லத்தரசி என்பதால் தொழிலாளர் கணக்கில் அவளைச் சேர்க்க வேண்டியதில்லை என்றாயிற்று. பின்னியவள் ஏழையாகவே இருக்க, விற்றவர் மாடி கட்டினார்.

வடக்கே லக்னோவுக்குப் போவோம். சிக்கன்காரி என்னும் வெண்ணூல் பூத்தையல் அந்நகரின் பெருமை. அதைப் போடுவோரில் மிகப் பலர் நம் முஸ்லிம் பெண்களே. ஒரு குர்த்தா உருவாகும் வழியைக் கவனிக்க வேண்டும். துணியை வெட்டித் தைப்பவர் ஒருவர். அவருக்குத் தையற்காரர் என்று பெயர். மரக்கட்டையில் சாயந் தோய்த்துப் பூவுருவை அச்சிடுபவர் ஒருவர். அவருக்கும் தொழிற்பெயர் உண்டு. பூத்தையல் முடிந்தபின் அச்சுக்கறை போக வெளுப்பவர் ஒருவர், அவரும் தொழிலாளர். இவர்கள் எல்லாரும் ஆடவர். நடுவே, அந்தத் துணியைச் சிக்கன் துணியாக்குகிறவள் எவளோ, நுண்ணிய முடிச்சையும் சல்லடைக் கண்ணையும் நூலால் எழுப்பிக் கண்ணொளியைக் கரைப்பவள் எவளோ, அவள் மட்டும் ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்’ செய்கிறாளாம்! துணி அவளிடம் வருவதும் அவளிடமிருந்து போவதும் தரகர் வழியாக. அவளுக்குச் சந்தை விலை தெரியாது. சந்தைக்கு அவள் பெயர் தெரியாது. இந்நிலையை மாற்ற எண்ணி 1984இல் லக்னோவிலேயே பெண்கள் சங்கமாகக் கூடினர். அச்சங்கம் முதலில் கைவைத்த இடம் எது? தரகரைத் தவிர்ப்பதும் கூலியைக் கணக்கிட்டுக் கேட்பதும். பூவேலைப்பாட்டின் பெருமையைப் பற்றிப் புகழ்மாலை பாட வேறு ஆட்கள் ஏற்கெனவே நிரம்ப இருந்தனர்.

வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு எப்படி ஐயா கணக்கு வைப்பது என்பார் உளர். வைக்க முடியும், வைத்தும் இருக்கிறார்கள். நெல்லைச் சீமையில் மேலப்பாளையத்துப் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் பீடி சுற்றியதை அறியாதவர் யார்? அவர்கள் செய்ததும் வீட்டிலிருந்தபடியேதான். ஆனால் ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்னும் கணக்கு இருந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளரே என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. அந்தக் கூலி போதுமானதாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த நெடி மார்பைக் கெடுத்ததையும் மறைக்கவில்லை. ஆனால் “ஆசைக்குச் சுற்றுவதுதானே” என்று பீடிக் கம்பெனிக்காரர்கூடச் சொன்னதில்லை! தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையைத் தைப்பவர் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்க உறுப்பினர். கால்சட்டைக்கு இவ்வளவு, மேற்சட்டைக்கு இவ்வளவு என்று கூலி வரையறுக்கப்பட்டிருக்கிறது. அது போதாதென்று அவர்கள் குறை கூறுகிறார்கள், போராடுகிறார்கள். போதாது என்று சொல்வதற்கே முதலில் ஒரு தொகை எழுத்தில் இருக்க வேண்டும் அல்லவா? பூத்தையற்காரிக்கும் கேக்காரிக்கும் அதுவும் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோரும் ஏனைய தொழிலாளருக்கு நிகராக நடத்தப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் உடன்படிக்கையே செய்தது. இந்தியா இன்னும் அதில் கையொப்பமிட்டு உறுதி செய்யவில்லை.

நம் உபதேசியார்கள் இந்த இடத்தில் ஔரங்கசீப்பை அழைத்து வருவார்கள். பேரரசராயிருந்தும் தொப்பி தைத்து விற்றார். குர்ஆன் பிரதி எழுதிப் பொருளீட்டினார். தொப்பி தைத்து மிஞ்சிய நான்கு ரூபாய் இரண்டணாவைத் தம் கஃபன் துணிக்கென்று மரண சாசனத்தில் குறித்தார் என்றெல்லாம் சொல்லப்படுகிறது. அவர் எளிமைக்குச் சான்றாக இதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கைத்தொழில் வருமானத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னால் எப்படி? ஆலம்கீர் தைத்த தொப்பிக்கு எந்தப் பிரபு பேரம் பேசினார்? “ஆசைக்குத் தைப்பதுதானே ஹுஸூர், ஓரணா குறைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லக்கூடிய தலை எதுவும் தில்லியில் இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு அரண்மனைச் செலவைக் கஜானா பார்த்துக்கொண்டது, தொப்பி ஆசைக்குத்தான். நம் சகோதரிக்கோ தொப்பிதான் கஜானா.

இனி எதிர்முகாமுக்கு வருவோம். கலையை விற்பதே இழிவு, காசு கலந்தால் கலை கெட்டுவிடும் என்று கூறும் தூயோர் சிலர் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளம் வாங்குவோர் என்பது என் அனுபவம். இவர்களுக்கு ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரொலோப்பை நினைவூட்டுகிறேன். அவர் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதி நாவல்களைக் குவித்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1883இல் வெளியான சுயசரிதையில், இன்ன நாவலுக்கு இவ்வளவு பவுன் என்று வரிசையாகப் பட்டியலிட்டு, மொத்தம் ஏறக்குறைய 70,000 பவுன் என்று கூட்டியும் காட்டிவிட்டார். இலக்கிய உலகம் முகம் சுளித்தது. கலைஞன் கணக்கெழுதலாமா என்றது. இன்று அந்த நாவல்களை உலகம் வாசிக்கிறது. முகம் சுளித்தவர்களில் பலருடைய பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சுயசரிதையில் என் உள்ளத்தைக் கவர்ந்தது அந்தப் பெருந்தொகை அன்று. விடியலில் தம்மை எழுப்பிக் காப்பி கொடுத்த கிழக் குதிரைக்காரருக்கு அதற்கென்றே ஆண்டுக்கு ஐந்து பவுன் தனியே கொடுத்ததாக அவர் எழுதியிருக்கிறார். தம் ஆசை வேலைக்கு வேண்டிய காப்பிக்கும் விழிப்புக்கும்கூட அவர் கூலி கணக்கிட்டார். நம் வீடுகளில் அந்தக் காப்பியை யார் போடுகிறார்கள், எந்தக் கணக்கில் போடுகிறார்கள்?

விற்காமலே ஆசையைக் காத்தவரும் உண்டு. பறவையியல் அறிஞர் சாலிம் அலி அத்தகையவர். சிறுவராய் இருந்தபோது சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து தொடங்கிய ஆசை அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கிடைத்த சிறு வேலையும் போய்விட்ட காலத்தில், சுதேச சமஸ்தானங்களின் பறவைகளை ஆராயும் பணியை அவர் ஏற்றுக்கொண்டார். எனக்குச் சம்பளம் வேண்டாம். முகாமுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவைச் சமஸ்தானம் ஏற்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. “ஆசைக்குச் செய்வதுதானே, சொந்தச் செலவில் செய்யுங்கள்” என்று எந்தத் திவானும் சொல்ல அவர் இடங்கொடுக்கவில்லை. தம் உழைப்பைத் தாமாகவே மனமுவந்து இலவசமாய்க் கொடுத்தார். எதைக் கொடுக்கிறோம் என்று அறிந்தே கொடுத்தார். 1941இல் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் பல பதிப்புகள் கண்டது. அதன் பின்னே இருந்தது சம்பளம் இல்லாத அந்த ஆண்டுகளின் உழைப்பு. கொடை வேறு, பிடுங்கல் வேறு. லாத்தா ஒருத்தி தன் பேத்திக்குப் பூப்போட்ட சட்டை தைத்துக் கொடுத்தால் அது கொடை. பக்கத்துத் தெருக்காரர் அதே சட்டையை அரை விலைக்கு வாங்கிச் சென்றால் அதற்கு வேறு பெயர்.

எல்லா ஆசையையும் விலைக்குக் கொண்டுவந்தே தீரவேண்டும் என்னும் அவசரம் எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை. 1973இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஆசைகொண்ட குழந்தைகளைத் தேர்ந்தனர். ஒரு பிரிவினரிடம், படம் வரைந்தால் நட்சத்திரமும் நாடாவும் வைத்த பரிசுச் சீட்டுத் தருவோம் என்று முன்னரே சொல்லி வரையச் செய்தனர். மற்றொரு பிரிவினருக்குச் சொல்லாமலே பரிசு கொடுத்தனர். வேறு சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. ஓரிரு வாரம் சென்று, விரும்பியதை விளையாடலாம் என்று விட்டபோது, பரிசு வாக்களிக்கப்பட்ட குழந்தைகள் மற்றவர் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதியளவே படம் வரைவதில் செலவிட்டனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவரிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. குழந்தைகளிடம் கண்டதைப் பெரியவர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும், கைவேலையில் மனம் ஆறுதல் அடையும் ஒருத்தியிடம் “இதை விற்கக் கூடாதா?” என்று தூண்டுவோர், அவளிடமிருந்து எதை எடுக்கிறோம் என்று ஒரு கணமேனும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? கணவன் அரபு நாட்டில் இருக்க, இரவெல்லாம் உறக்கம் வராமல், கைக்குட்டையில் ரோஜாப்பூப் போடுகிற பெண்கள் நம் ஊர்களில் உண்டு. அந்த ரோஜாவுக்குத் தவணை குறிக்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் இல்லை.

தரகரின் முகமும் இப்போது மாறிவிட்டது. முன்பு சைக்கிளில் துணிமூட்டையோடு வந்தவர் இன்று திரைக்குள்ளே இருக்கிறார். கைவினைப் பொருள்களை உலகெங்கும் விற்க வழிசெய்யும் எட்ஸி என்னும் அமெரிக்க நிறுவனம், விற்பனைத் தொகையில் தான் பிடித்துக்கொண்டிருந்த 5 விழுக்காட்டை 2022 ஏப்ரலில் 6.5 விழுக்காடாக்கியது. ஆயிரக்கணக்கான கைவினையாளர் ஒரு வாரம் தங்கள் கடைகளை மூடி வேலைநிறுத்தம் செய்தனர். பொழுதுபோக்காளர் வேலைநிறுத்தம் செய்தார்களாம்! அந்தச் செய்தி எனக்கு மகிழ்ச்சியூட்டியது; தாங்கள் தொழிலாளர் என்பதை அவர்கள் கண்டுகொண்டுவிட்டார்கள். யூடியூபோ, 2018இல் ஒரு விதி வகுத்தது: ஆயிரம் சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால்தான் விளம்பர வருவாயில் பங்கு. அந்தப் படி ஏறும்வரை படமெடுத்ததும் பேசியதும் தொகுத்ததும் யாருக்காக? நம் வீட்டுப் பிள்ளை சமைப்பதைப் படமெடுத்துப் போடுகிறாள். முதலில் அவள் விரும்பியதைச் சமைத்தாள். பிறகு பார்ப்போர் விரும்புவதைச் சமைக்கிறாள். கடைசியில் யாரும் உண்ணாத பெரும்பானைப் பிரியாணியைக் காமிராவுக்காகச் சமைக்கிறாள். இதையும் பொழுதுபோக்கு என்று வாழ்த்துவோர் இருக்கிறார்கள்.

நம் சமுதாய நற்பணி மன்றங்களுக்கும் ஒரு சொல். ஆண்டுதோறும் ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்குகிறீர்கள். பெரிய மனிதர் கையால் கொடுத்து, படமெடுத்துப் பத்திரிகையிலும் போடுகிறீர்கள். நல்ல காரியம்; குறை சொல்லவில்லை. இயந்திரம் கொடுத்த மறுமாதம் அந்தப் பெண்ணின் வாசலுக்குப் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? உங்கள் மதரஸாப் பிள்ளைகளின் சீருடையை அவளிடம் கொடுத்தீர்களா, அல்லது நகரத்து மொத்தக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று அங்கே வாங்கினீர்களா? அவளிடமே கொடுத்தவர்களும், “மன்றம் கொடுத்த மிஷின்தானே, மன்றத்துக்குக் குறைச்சுத் தைத்துக் கொடும்மா” என்று கேட்டதுண்டு. தர்மமாகக் கொடுத்த பொருளுக்குத் தவணை வட்டியாக அவளுடைய கூலியைப் பிடிப்பது என்ன நியாயம்? இயந்திரத்தோடு ஒரு குறிப்பேட்டையும் கொடுங்கள். இன்ன தேதி, இன்னாருக்கு, இத்தனை மணி நேரம், இவ்வளவு பொருட்செலவு, இவ்வளவு கூலி என்று ஐந்து பத்தியில் எழுதப் பழக்குங்கள். முப்பது ரூபாய்க் குறிப்பேடு. இயந்திரத்தின் விலையில் அது தூசு. படத்தில் அழகாக விழாது என்பது ஒன்றுதான் அதிலுள்ள குறை. மூன்று மாதக் கணக்கை அவள் தன் கண்ணாலேயே படித்துவிட்டால், பிறகு எந்த உறவுக்காரர் வந்து தங்கச்சி என்று குழைந்தாலும் அவளுக்கு விடை சொல்லத் தெரியும். எந்த வேலையில் கூலி தேறுகிறது, எதில் தேறவில்லை என்பதும் அந்த ஏட்டிலேயே தெரிந்துவிடும். தேறாததை அவள் விட்டுவிடலாம். ஆசைக்கென்று வைத்துக்கொள்ளவும் செய்யலாம். அப்போது அது மெய்யாகவே ஆசைக்கு.

“விலையைக் கூட்டினால் ஒருவரும் வாங்க மாட்டார்களே?” என்பார்கள். இந்த வாதத்தைத்தான் பூத்தையற்காரி முதல் மருதாணிக்காரி வரை எல்லாரும் அஞ்சுகிறார்கள். சிலர் வாங்க மாட்டார்கள், உண்மைதான். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்குக்கு ஆயிரம் ரூபாயை வாய் பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு, அவளிடம் எண்ணூறுக்கு முகம் சுளிப்பவர்கள் அவர்கள். அவர்கள் வாங்கவில்லையென்றால் அவளுக்கு என்ன போய்விடும்? அவர்கள் கொடுக்க வந்தது மணிக்கு 33 ரூபாய். மைதாவும் வெண்ணெயும் முட்டையும் அவள் அலமாரியிலேயே இருக்கும். ஆறு மணி நேரம் மிச்சமாகும். அந்த ஆறு மணி நேரத்தில் அவள் வேறொருவருக்கு 900 ரூபாய்க் கேக் சுடலாம். தன் பிள்ளைகளுக்கே ஒன்று சுட்டுக் கொடுக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு அசர் பாங்கு சொல்லும்வரை படுத்து உறங்கவும் செய்யலாம்.